ஒரு உள்ளங்கை அகலத் தப்பு

பாலம் உட்காரவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்தக் காலை வேளையில் எண்ணூர் சைட்டில் நின்றிருந்த அறுபது எழுபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்களே ஒரு பார்வை, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

செல்போனில் இன்கமிங் இலவசமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சர்வேயர் வேலை. தாலுகா ஆபீஸிலிருந்து வந்து வீட்டுமனை அளக்கிற சர்வேயர் இல்லை. வரைபடத்தில் இருக்கிற புள்ளியைத் தரையில் குறித்துக் கொடுக்கிற சைட் சர்வேயர். தூண் இங்கே, பீடம் அங்கே, போல்ட் இந்த இடத்தில் என்று நான் குறித்தால்தான் கம்பி கட்டுவார்கள், காங்கிரீட் போடுவார்கள். சிவில் டிப்ளமா முடித்தவள். ஜல்லி சுமக்கிற பெண்களை விட்டால் அந்த சைட்டில் நான் ஒருத்திதான் பெண். கழிவறை கேட்டு மூன்று மாதம் சண்டை போட்டு வாங்கியவள் என்பதால் வாயாடி என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியை மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் வேலை அது. வழியில் ஒரு கால்வாய் குறுக்கிட்டது. அதன் இரண்டு கரையிலும் மின் நிலையச் சாம்பலைக் கரைத்து அனுப்பும் குழாய்கள் ஓடின. அவற்றைத் தாண்டி பெல்ட்டைக் கொண்டுபோக ஓர் இரும்புப் பாலம் வேண்டும். கரைக்கு ஒன்றாக இரண்டு காங்கிரீட் பீடம் போட்டிருந்தோம். ஒவ்வொரு பீடத்திலும் நான்கு போல்ட்டுகள் ஆளின் முழங்கால் உயரத்துக்கு நின்றன. இந்தக் கரை போல்ட்டுகளின் நடுவுக்கும் அந்தக் கரை போல்ட்டுகளின் நடுவுக்கும் இடையே சரியாக இருபத்துநான்கு மீட்டர் இருக்க வேண்டும். அதைக் குறித்துக் கொடுத்தது நான்.

பாலத்தைத் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் செய்தார்கள். செய்த ஃபோர்மேன் ராயபுரத்துக்காரர், ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். இரும்பு வேலையில் அவர் சொன்னால் சொன்னதுதான். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நான் அண்ணா என்பேன். சைட்டில் என்னிடம் மரியாதையாகப் பேசிய சில பேரில் அவரும் ஒருவர். அதனால்தான் அன்றைக்கு நடந்தது எனக்கு இன்னும் கசந்தது.

டிரெய்லரில் வந்த பாலத்தைக் கிரேன் தூக்கியது. இந்தக் கரையில் பாலத்தின் அடித்தகடு போல்ட்டுகளின் மேல் பொருந்தி உட்கார்ந்தது. எல்லோரும் அந்தக் கரைக்கு ஓடினோம். அங்கே தகட்டின் ஓட்டைகள் போல்ட்டை எட்டவில்லை. ஒரு உள்ளங்கை அகலம் உள்ளேயே நின்றுவிட்டன.

"இன்னாபா இது, எட்டவே இல்ல?" என்று மேலே நின்ற ஆள் கத்தினான்.

பாலத்தைத் திரும்ப இறக்கி மரக்கட்டைகள் மேல் படுக்க வைத்தார்கள். ஃபோர்மேன் தன் நீள டேப்பைக் கொண்டுவந்தார். அவர் இந்தப் பக்கம் டேப்பின் முனையைப் பிடிக்க, அந்தப் பக்கம் எங்கள் ஜூனியர் இன்ஜினியர் படித்தான். முதலில் பாலம். இருபத்துநான்கு மீட்டர், கச்சிதம். பிறகு பீடம். இருபத்துநான்கு மீட்டரும் அதற்கு மேல் நூறு மில்லிமீட்டரும். அதாவது பாலம் சரி, பீடம் தப்பு. பீடத்தைக் குறித்தது யார்? இந்த வாயாடி.

மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? நூறு எம்எம்! கண்ணை மூடிக்கிட்டு மார்க் பண்ணினியா?"

"சார், நான் மிஷின்ல ரெண்டாவது வாட்டியும் பாத்துட்டேன். இருபத்துநாலுதான் காட்டுது."

மிஷின் என்றால் டோட்டல் ஸ்டேஷன். முக்காலியில் நிற்கும், எதிரே பிடிக்கிற கண்ணாடிக்கு ஒளியை அனுப்பித் தூரம் சொல்லும். இந்தக் களேபரம் தொடங்கியதுமே நான் அதைத் தூக்கிவந்து பார்த்துவிட்டேன்.

"உன் மிஷின், நீயே பார்த்த ரீடிங்கு. உன் பரீட்சைக்கு நீயே மார்க் போட்டுக்கறியா?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜூனியர் இன்ஜினியரும் சிரித்தான். டோட்டல் ஸ்டேஷனை எப்படி நிறுத்துவது என்று என்னிடம் கற்றுக்கொண்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை அந்தப் பிள்ளைக்கு.

முடிவும் அங்கேயே சொல்லப்பட்டது. நாளை சாயங்காலம் கம்ப்ரசர் வரும், அந்தக் கரைப் பீடத்தை உடைப்பார்கள். நாளையோடு எனக்கும் கணக்கு முடிப்பு. காரணத்தை எழுதித்தான் அனுப்புவேன் என்றார். தப்பாகக் குறித்தாள் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டால் இந்தப் பக்கத்தில் எந்த சைட்டும் என்னை உள்ளே விடாது. ஆம்பிளைக்காவது நாலு இடத்தில் பரிந்து பேச ஆள் இருக்கும். எனக்கு யார் இருந்தார்கள்? அந்த முக்காலியைத் தோளில் போட்டு நடக்கிற பிழைப்பே போய்விடும். எனக்கு அந்தப் பிழைப்பு பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பஸ்ஸில் வரும்போது கோபம் மெல்ல இறங்கி, அதன் அடியில் பயம் தெரிந்தது. நான் அந்தப் புள்ளிகளைக் குறித்த நாள் நினைவுக்கு வந்தது. மழை கட்டிக்கொண்டு வந்தது அன்று. அந்தக் கரை முழுக்க சாம்பல் கொட்டி நிரப்பிய தரை, முக்காலியின் கால் மெல்ல மெல்ல இறங்கும். குறித்த பிறகு இரண்டு முறை சரிபார்ப்பது என் வழக்கம். அன்று மழைக்குப் பயந்து ஒரு முறைதான் பார்த்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று மிஷின் இருபத்துநான்கு காட்டுகிறது. ஆனால் நான் அவசர அவசரமாகப் பார்த்த இருபத்துநான்கு அது. என்னையே எனக்கு நம்ப முடியவில்லை.

வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ தப்பு பண்ணியா இல்லியா?"

"தெர்லமா."

"தெர்லன்னா மொதல்ல தெரிஞ்சிக்க. அப்பால குந்திகினு அழுவு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தட்டில் போட்டாள்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அது இரண்டு நாளாக என் கண்ணெதிரிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து ஒருவர் லேசர் ஸ்கேனர் கொண்டுவந்திருந்தார். எங்கள் புது பெல்ட் போய்ச் சேர வேண்டிய பழைய கோபுரத்துக்கு வரைபடம் யாரிடமும் இல்லை. அதனால் அந்தக் கோபுரத்தை அப்படியே அளந்து கொடுக்க வாடகைக்கு வந்த மிஷின். பார்த்தால் பெட்டிக்கடை ரேடியோவைக் கனமாகச் செய்து முக்காலியில் வைத்த மாதிரி இருக்கும். அதன் தலை மெல்லச் சுழலும். சுழலும்போது சுற்றிலும் லேசரை வீசி, ஒளி பட்ட ஒவ்வொரு இடத்தையும் ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளும். லட்சக்கணக்கான புள்ளிகள். எல்லாப் புள்ளியும் சேர்ந்தால் கோபுரம் கம்ப்யூட்டரில் எழுந்து நிற்கும். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு வேண்டுமானாலும் தூரம் கேட்கலாம். டேப் பிடிக்க ஆள் வேண்டாம், படிக்க ஆள் வேண்டாம். முக்கியமாக, அதற்கு நான் யாரென்று தெரியாது.

மறுநாள் காலை நேராக மேனேஜரின் கண்டெய்னர் ஆபீஸுக்குப் போனேன். எங்களுக்கு இந்த பெல்ட் வேலையைக் கொடுத்திருந்த நிறுவனத்தின் இன்ஜினியரும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

"சார், ஸ்கேனரை வச்சு ரெண்டு பீடத்தையும் பாலத்தையும் அளக்கலாம். நான் மிஷினைத் தொட மாட்டேன். கிட்டகூட வர மாட்டேன். என் குறி தப்புன்னு வந்தா கம்ப்ரசர் வர்ற வரைக்கும்கூட நிக்க மாட்டேன், அப்பவே கேட்டைத் தாண்டிப் போயிடறேன். சரின்னு வந்தா, இனிமே இந்த சைட்டுல என் கையெழுத்து இல்லாம ஒரு பீடத்துக்கும் காங்கிரீட் போடக்கூடாது."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அந்த இன்ஜினியர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடறதுல என்ன நஷ்டம்?" என்றார். அவருக்கு என்மேல் பரிவெல்லாம் இல்லை. உடைத்துத் திரும்பக் கட்ட ஒரு மாதம் ஆகும், அந்தக் கவலை. எனக்கு அது போதும்.

பெங்களூர்க்காரர் நல்ல மனுஷர். கடற்காற்று கிளம்பினால் சாம்பல் பறந்து லேசரை மறைக்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பரபரத்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட காகிதங்களைக் குழாய்களிலும் கம்பங்களிலும் ஒட்டினார். ஒவ்வோர் இடத்திலிருந்தும் எடுக்கிற புள்ளிகளை ஒன்றோடொன்று பொருத்த அவைதான் அடையாளம். நான்கு இடத்தில் மிஷினை வைத்தார். ஓர் இடத்துக்கு இருபது நிமிஷம். ஏதோ போட்டோ எடுக்கிறார்கள் என்று செய்தி பரவி, கிரேன் ஆட்கள் முகம் கழுவி, தலைசீவி, பாலத்துக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, "யோவ், தள்ளுங்கய்யா! போல்ட்டை மறைச்சிகினு நிக்கிறீங்களே!" என்று தூரத்திலிருந்தே ஒரு கத்து கத்தினேன். கிட்டப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே, கத்த மாட்டேன் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் நான்கு மணிக்கு கண்டெய்னருக்குள் லேப்டாப்பைச் சுற்றிக் கூட்டம். மேனேஜர், அந்த இன்ஜினியர், ஜூனியர் பையன், ஃபோர்மேன், நான். வெளியே கம்ப்ரசர் வண்டி வந்து நின்றிருந்தது. அதன் ஆட்கள் உளிக்கம்பியை மாட்டிக்கொண்டிருந்த சத்தம் உள்ளே கேட்டது.

திரையில் எங்கள் சைட் சாம்பல் நிறப் புள்ளிகளாக மிதந்தது. கால்வாய், குழாய், மரக்கட்டை மேல் பாலம், இரு கரையிலும் பீடங்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்த கிரேன் ஆள், "இன்னா நைனா, என் மூஞ்சியே காணோம்?" என்று அங்கலாய்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

பெங்களூர்க்காரர் ஒவ்வொரு போல்ட்டின் மேல் விழுந்த புள்ளிகளையும் வளைத்துப் பிடித்து, நடுவைக் கண்டுபிடித்தார். இரண்டு கரைக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார். "இந்த மிஷின்ல அஞ்சாறு மில்லி முன்ன பின்ன இருக்கும், அதை மனசுல வச்சுக்கோங்க" என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. சொல்லித் தொலையேன் ஐயா!

"பீடம் டு பீடம், இருபத்துநாலு மீட்டர், ரெண்டு மில்லி."

எனக்கு முதலில் காது அடைத்துக்கொண்டது. பிறகுதான் மனசில் இறங்கியது. இரண்டு மில்லிமீட்டர். இரண்டு அரிசி மணி கனம்கூட இல்லை. மழையிலும் சாம்பல் தரையிலும் நான் வைத்த குறி அசையாமல் நின்றிருந்தது. அட, நான் சரி! நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன்!

"பாலத்தைப் பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

அவர் பாலத்தின் இரு முனைத் தகடுகளில் ஓட்டைகளைப் பிடித்துக் கோடு இழுத்தார். இருபத்துமூன்று மீட்டர், தொள்ளாயிரத்து ஒரு மில்லிமீட்டர்.

"அப்போ பாலம்தான் நூறு கம்மி" என்றார் அந்த இன்ஜினியர்.

"அதெப்பிடி சார்? நாந்தான டேப்பு புடிச்சேன்! இருவத்தினாலு வந்திச்சே!" ஃபோர்மேன் பதறிவிட்டார். பொய் சொல்கிற முகமே இல்லை அது. அவர் பொய் சொல்லவும் இல்லை.

எனக்குள் ஏதோ உறுத்தியது. மிஷின் சரிந்தால், முக்காலி இறங்கினால் தப்பு பதினேழு வரும், நாற்பத்துமூன்று வரும். இப்படி நூறு என்று ரவுண்டாக வராது. ரவுண்டாக வருகிற தப்பு கையால் செய்கிற தப்பு.

"அண்ணா, கோச்சிக்காதீங்க. அந்த டேப்பை நேத்து எப்பிடிப் புடிச்சீங்களோ அப்பிடியே புடிச்சிக் காட்டுங்க."

அவர் டேப்பை எடுத்து மேஜை விளிம்பில் வைத்துப் பிடித்தார். அவர் கட்டைவிரல் டேப்பின் முனை வளையத்தில் இல்லை. நூறு என்ற கோட்டின் மேல் அழுந்தி இருந்தது.

இரும்பு வேலைக்காரர்களின் வழக்கம் அது. டேப்பின் முனை வளையம் தேய்ந்து ஆடும், அதை நம்ப முடியாது. அதனால் நூறை விட்டுப் பிடிப்பார்கள். எதிர்ப்பக்கம் நிற்பவர் அந்த நூறைக் கணக்கில் வைத்துக்கொள்வார். பிடிப்பவர் "நூறு!" என்று குரல் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் எங்கள் ஃபோர்மேனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் எப்போதும் அவருடைய மச்சான்தான். இருபது வருஷ ஜோடி. குரல் கொடுக்கிற பழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"மச்சான் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிகீறான் தங்கச்சி. ஓட்டை போட மார்க் பண்ண அன்னிக்கு அவன் இல்ல. வேற ஆளு நின்னான். நான் நூறுல புடிச்சிகினேன், அவனுக்குச் சொல்லவே இல்ல. நேத்தும் இந்தத் தம்பிக்குச் சொல்லல. எனக்குத் தோணவே இல்லமா. மச்சான்கிட்ட நான் எப்ப சொல்லிகீறேன்?"

அவ்வளவுதான் விஷயம். ஷெட்டில் நூறு குறைந்த பாலம் அந்த டேப்பில் இருபத்துநான்கு காட்டியது. சைட்டில் சரியாக இருந்த என் பீடம் அதே டேப்பில் நூறு கூடுதலாகக் காட்டியது. ஒரே விரல் இரண்டு இடத்திலும் ஒரே கதையைச் சொன்னது. ஊரே நம்பியது. நானே பாதி நம்பிவிட்டேன்.

ஜூனியர் பையன் லேப்டாப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. உன் மார்க்கிங் சரியாத்தான் இருக்கு. போய் வேலையைப் பாரு" என்றார், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

எனக்கு அந்தச் சின்னக் குரல் போதவில்லை. போதவே இல்லை. முந்தின நாள் என்னைப் பார்த்த அந்த எழுபது ஜோடிக் கண்ணும் வெளியில்தானே இருக்கின்றன?

"இங்க வேணாம் சார். வெளிய வந்து சொல்லுங்க. வெளியதான திட்னீங்க?"

மேனேஜர் முகம் சிவந்தது. மறுத்து அடித்துப் பேசப் போகிறார் என்று நான் தயாராகத்தான் நின்றேன். அப்போது ஃபோர்மேன் எழுந்தார். "அது கேக்கறது நாயம்தான் சார். வாங்க, நானும் வந்து சொல்றேன்" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தோம். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். மேனேஜர், "பீடம் சரியா இருக்கு, பாலத்துலதான் பிழை. மேடம் குறிச்சது ரெண்டு மில்லிதான் வித்தியாசம்" என்றார். மேடம்! அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை முதல் தடவையாக வந்தது. ஃபோர்மேன் ஒரு படி மேலே போய், "தப்பு என்னுது. நான் டேப்பு புடிச்சதுல தப்பு. தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல" என்று கால்வாயின் அந்தக் கரைக்கும் கேட்கும்படி சொன்னார். இரும்பு வேலையில் அவ்வளவு பேர் எடுத்த பிறகு, தன் ஆட்கள் முன்னாலேயே அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு அந்த நிமிஷமே போய்விட்டது.

மேனேஜர் அவர் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தப் பார்த்தார். நான் குறுக்கே பேசினேன். "சார், பீடத்தை உடைச்சா ஒரு மாசம். தகட்டை அறுத்து நூறு நகர்த்தி வெல்டு வச்சா ரெண்டு நாளு. அண்ணாவை வுடுங்க, அவரு பாத்துக்குவாரு." கம்ப்ரசர் ஆட்களிடம் திரும்பி, "நீங்க கெளம்புங்க நைனா, இங்க ஒடைக்க ஒண்ணும் இல்ல" என்றேன். அப்படிச் சொல்வதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்க முடியவில்லை. ஜல்லி சுமக்கிற பெண்களில் ஒருத்தி விசில் அடித்தாள். சத்தியமாக விசில் அடித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து காங்கிரீட் போடுவதற்கு முன்னால் என்னிடம் கையெழுத்துக் கேட்டு வரத் தொடங்கினார்கள். நோட்டை முதலில் நீட்டியவன் ஜூனியர் பையன்தான். இரண்டு தடவை சரிபார்க்காமல் நான் போடவில்லை, மழை வந்தாலும் சரி. அந்த ஒரு தடவையின் பயம் எனக்குள் அப்படியே இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால், சொன்ன மாதிரி மூன்றாம் நாளே பாலம் மறுபடி கிரேனில் ஏறியது. கூட்டம் முந்தின தடவையைவிட அதிகம். இந்தக் கரையில் பாலம் உட்கார்ந்தது. அந்தக் கரையில் தகடு போல்ட்டுகளுக்கு மேலே வந்து, காற்றில் லேசாக ஆடி நின்றது. பாலத்தை இறக்கச் சொல்லிக் கை காட்டுவது எப்போதும் ஃபோர்மேன் வேலை. கிரேன் ஆள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கையைத் தூக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இன்னா தங்கச்சி, எறக்கலாமா?"

எழுபது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"எறக்குங்கண்ணா" என்றேன்.

நான்கு போல்ட்டும் நான்கு ஓட்டைக்குள் கிறீச் என்ற சத்தம்கூட இல்லாமல் ஏறி நின்றன. அடித்துப் பொருத்த வேண்டியிருக்கும் என்று சம்மட்டியோடு வந்து நின்ற ஆள், அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.